ஆடிக் கிருத்திகைப் பால்

இண்டூரில் தீர்த்தம்மாளின் குரல் கேட்ட பிறகுதான் பல வீடுகளில் அடுப்புப் பற்றும். தெருமுனையில் நின்று "பாலு" என்று ஒரே ஒரு தடவை வெடுக்கென்று சொல்வாள். பாத்திரத்தோடு உடனே வராதவர்கள் அவளைத் தேடிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓட வேண்டும். தண்ணீர் கலப்பதில்லை என்று அவள் ஒருபோதும் சத்தியம் செய்ததில்லை. அளவோடு கலந்தாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

அவள் அரூர்ப் பக்கத்துப் பெண். தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். கணவர் மாதையனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் தரிசு. ஒரே மகளைக் காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நிலம் அடிக்கடி ஏமாற்றியதால் வீட்டை நடத்தியது ஒரு செவலைப் பசுதான். கலப்பினம். தீர்த்தம்மாள் கன்றிலிருந்து வளர்த்தது. வேறு யாராவது மடியில் கைவைத்தால் உதைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு, ஊருக்கு மேற்கே குன்றின்மேல் இருந்த சின்ன முருகன் கோயிலுக்கு, வழக்கம்போல அவளும் ஒரு குடம் பால் எடுத்துக்கொண்டு போனாள். பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பால் ஒரே அண்டாவில் விழுந்தது. அபிஷேகம் முடிந்ததும் பூசாரி அதையே தீர்த்தமாக ஆளுக்கு ஒரு கை ஊற்றினார். கைக்குழந்தை வரைக்கும் எல்லோரும் குடித்தார்கள்.

மறுநாள் பசு தீவனம் எடுக்கவில்லை. அதற்கும் மறுநாள் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று மாதையன் நினைத்தார். சோளத்தட்டை மாட்டிக்கொண்டு இப்படி ஆவது உண்டு. தீர்த்தம்மாள் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப்பிடித்து வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. கையை வெளியே இழுக்கும்போது கடைவாய்ப் பல் பட்டுப் புறங்கைத் தோல் உரிந்தது. எச்சிலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலையும் மிளகும் அரைக்கச் சொன்னார்.

அன்று மாலையே பசுவின் குரல் மாறிவிட்டது. அடித்தொண்டையிலிருந்து கட்டையாக, நிறுத்தாமல் கத்தியது. முளைக்குச்சியை முட்டிமுட்டி நெற்றி உரிந்து ரத்தம் வந்தது. வளர்த்தவளைப் பார்த்தே கொம்பைத் தாழ்த்தியது. தீர்த்தம்மாள் எட்ட நின்றபடியே கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்பினாள்.

கால்நடை மருத்துவர் சவுரியப்பன் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். எந்த மாட்டையும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிற மனிதர். அன்று தொழுவத்து வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தின நாள் பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் அவளிடம் பேச்சு வாக்கில் விவரம் கேட்டு, போகிற போக்கில் பசுவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார் அவரும். இப்போது தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த மாட்ட நாய் ஏதாச்சும் கடிச்சுதாம்மா?"

"இல்லீங்களே" என்றவள், அப்படியே நின்றாள். "ஆனி மாசத்துல ஏரிக்கரையில ஒரு நாயி மாடுங்க நடுவுல பூந்து ஓடுச்சுங்க. மூக்குல சின்னதா ஒரு கீறலு. மஞ்சள் அரைச்சுப் போட்டேன். ஆறிப்போச்சுங்க."

"வெளிய ஆறியிருக்கும்" என்றார் சவுரியப்பன். "மாட்டுக்கு வெறி புடிச்சிருக்குது. யாராவது இது வாயில கைய உட்டீங்களா?"

மாதையன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டார். "யாரும் உடலீங்க."

தீர்த்தம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்குத்தான் பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நாலு பேர் எதிரில் புருஷனைப் பொய்யனாக்கி அவளுக்குப் பழக்கமில்லை.

"இவுரு உட்டாருங்க" என்றாள். "முழங்கை மட்டும் உட்டாரு. பல்லு பட்டுத் தோலு உரிஞ்சிருக்குது."

"உனக்கு வாயி அடங்காதா" என்றார் மாதையன்.

சவுரியப்பன் சண்டையைக் காதில் வாங்கவில்லை. "சோப்பு இருக்குதா? துணி சோப்புன்னாலும் பரவாயில்ல. மொதல்ல தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது." மாதையன் கழுவும்வரை பக்கத்திலேயே நின்று, அந்தச் சோப்பை வாங்கித் தானும் கழுவினார். நகக்கண்வரை விடாமல் அவர் தேய்த்துக் கழுவியதைத் தீர்த்தம்மாள் கவனித்தாள். அது அவளை இன்னும் கலங்க வைத்தது.

பசு அடுத்த நாள் செத்தது. தோலை உரிக்க விடாமல், ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டிப் புதைக்கச் சொன்னார் சவுரியப்பன். கடைசி மண் விழுந்ததும் கேட்டார்: "பாலை யாரும் பச்சையா குடிக்கலியே? காய்ச்சிக் குடிச்சவங்களுக்குப் பயமில்ல. சூட்டுல அந்தக் கிருமி செத்துடும்."

"பச்சப் பாலை யாருங்க குடிக்கப் போறாங்க" என்று சொல்லும்போதே அவளுக்கு அண்டா கண்முன் வந்தது. பூசாரியின் கை, நீட்டிய கைகள், கைக்குழந்தையின் உதட்டில் ஈரம். மண் மேட்டிலேயே உட்கார்ந்து கோயில் பாலைப் பற்றிச் சொன்னாள்.

சவுரியப்பன் முழு விவரத்தையும் கேட்டுக்கொண்டார். "பால் மூலமா வந்ததா நான் பார்த்ததில்ல, படிச்சதும் இல்ல. எச்சில்லதான் அது இருக்கும். அதுவும் பத்து வீட்டுப் பால்ல கலந்தது. ரொம்ப ரொம்பக் கம்மிம்மா. ஆனா இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. குடிச்சவங்களுக்குத் தெரியணும். டாக்டர் முடிவு பண்ணட்டும்."

கோயில் தர்மகர்த்தா நஞ்சப்பனுக்குச் செய்தி அதற்குள் எட்டிவிட்டது. வீட்டுக்கே வந்தார். வழக்கமாக உரக்கப் பேசுகிறவர் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாடு செத்துது, புதைச்சாச்சு. அதோட உட்டுடும்மா. ஊருல சொன்னா என்னா ஆவும்? குடிச்சவங்க எல்லாம் தண்ணியப் பார்த்தாவே பயப்பட ஆரம்பிச்சுடுவாங்க. மாட்டு டாக்டரே பயமில்லன்னுதான சொல்றாரு. சாமி மேல ஊத்துன பால்ல கிருமியா?"

"பயமில்லன்னு சொல்லலீங்கண்ணா. கம்மின்னுதான் சொன்னாரு."

"அப்புறம் ஒருத்தரும் உங்கிட்டப் பாலு வாங்க மாட்டாங்க. அத யோசிச்சியா?"

அவள் யோசிக்காமல் இல்லை. நஞ்சப்பன் போன பிறகு தொழுவத்து வாசலில் நின்றாள். நஞ்சப்பன் கெட்டவர் இல்லை. அவர் பேத்தியும் அந்தப் பாலைக் குடித்திருந்தாள். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் நடக்காது என்று அவர் நம்ப விரும்பினார். அவளுக்கும் அப்படி நம்ப ஆசையாகத்தான் இருந்தது. காரிமங்கலத்து மகளுக்கு மட்டும், இப்போதைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று பஸ்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தன் மகளுக்குச் சொல்லியாயிற்று. மற்றவர்கள் மகளுக்கு?

காலையில் பால் இல்லாமலே தெருவில் இறங்கினாள். முதலில் போனது பரிதா வீட்டுக்கு. பரிதாவின் கணவர் அப்துல் ஷுக்கூர் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர்களுடைய மூன்று வயது ஷகிலாவுக்குத் தினமும் ஒரு பழக்கம் உண்டு. பாலை அளக்கும்போது ஓடிவந்து முந்தானையைப் பிடிப்பாள். தீர்த்தம்மாள் ஆழாக்கில் கொஞ்சம் நுரையோடு மொண்டு கொடுப்பாள். பச்சைப்பால். பசு படுப்பதற்கு முந்தின நாள்வரை கொடுத்திருக்கிறாள். கோயில் பாலைப் பற்றிக் கவலைப்பட்டவளுக்கு இது ராத்திரி படுத்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை.

"என்னாக்கா, கேன் எங்க?" என்றாள் பரிதா.

தீர்த்தம்மாள் வாசலுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஷகிலா முந்தானையைப் பிடிக்க ஓடிவந்தபோது விலகிக்கொண்டாள். பரிதா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று.

"இவ நல்லாதான இருக்கா. காலையில ரெண்டு இட்லி தின்னா."

"நல்லாதான் இருக்கும் கண்ணு. அது உடனே தெரியாதாம். மாசக்கணக்குல உள்ளயே கெடக்குமாம். வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதாம். வர்றதுக்கு முன்னாலயே ஊசி போட்டுடணும்."

"இவ வயித்துலயா?"

இருக்கலாம் என்பதுபோலத் தீர்த்தம்மாள் தலையை ஆட்டினாள். பரிதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரங்களை முற்றத்தில் போட்டுச் சாம்பல் வைத்து அழுத்தித் தேய்க்கும் சத்தம் தெருவரை கேட்டது.

மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். சிலர் சாமி பேரைச் சொல்லி அழுதார்கள். ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாள். கைக்குழந்தைக்காரி மட்டும் குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் திருவிழாக் கூட்டம். டாக்டர் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுப் பிரித்தார். காய்ச்சிக் குடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார். கோயில் பால் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை என்றார். அவர்களில் பாதிப் பேர் நம்பாமல், தர்மபுரியில் வேறு டாக்டரைப் பார்க்க பஸ் ஏறினார்கள். பசுவின் எச்சில் பட்ட மாதையன், தீர்த்தம்மாள், சவுரியப்பன், அவர்களோடு ஷகிலாவும் சேர்த்து நாலு பேரும் கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று தர்மபுரிப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குப் போட வேண்டியதில்லை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் நாள் தவறாமல் பச்சைப்பால் குடித்திருக்கிறாள், நான் துணிய மாட்டேன் என்றார்.

அன்றிலிருந்து தினமும் தர்மபுரி பஸ். அவர்கள் உட்கார்ந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பரிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் தனியாக உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சட்டையை மேலே தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ஊசி பெரிது. மருந்து கெட்டியாக, மெதுவாக இறங்கும். போட்ட இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். மறுநாள் வீங்காத இடம் பார்த்துப் போடுவார்கள். சவுரியப்பன் அந்த வரிசையில் நின்றபடி ஓயாமல் பேசினார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. பயத்தை அடக்கத்தான் பேசுகிறார் என்பது தீர்த்தம்மாளுக்கு ரெண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு எப்படிங்க அவ்வளவு பெரிய மாட்டச் சாய்க்குது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இத மொதல்ல யாரும் நம்பலம்மா. கெட்ட காத்துல நோய் வருதுன்னு பெரிய பெரிய டாக்டருங்களே சொல்லிக்கிட்டிருந்தாங்க. பிரசவம் பார்க்கறதுக்கு முன்னாடி கையக் கழுவுங்கன்னு சொன்ன டாக்டரக் கேலி பண்ணியிருக்காங்க. அப்புறம் பிரான்ஸ் நாட்டுல பாஸ்டர்னு ஒருத்தரு. சாராயம் எதனால புளிச்சுக் கெட்டுப்போவுதுன்னு பார்க்கப் போயி, கண்ணுக்குத் தெரியாத உசுருங்கதான் கெடுக்குது, சூடு பண்ணா சாவுதுன்னு காட்டுனாரு. பாலக் காய்ச்சச் சொல்றது அந்த வழியில வந்ததுதான். அதே மனுசன்தான் வெறிநாய்க்கடிக்கும் ஊசி கண்டுபிடிச்சாரு. போன வருசத்தோட நூறு வருசம் ஆச்சு. மொதல்ல போட்டது ஒன்பது வயசுப் பையனுக்கு. பொழைச்சுக்கிட்டான்."

"அவரு அந்தக் கிருமியப் பார்த்தாருங்களா?"

"அதான் இல்ல. பூதக்கண்ணாடியில தேடித் தேடிப் பார்த்தாரு. தெரியல. மத்த கிருமிய விடப் பொடிசு. வைரஸ்னு இப்ப சொல்றோம். பார்க்காமலேதான் மருந்து பண்ணாரு." சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "இதுக்காவது நூறு வருசமா ஊசி இருக்குது. இந்த வருசம் மெட்ராஸுல புதுசா ஒரு வைரஸ் வந்திருக்கறதக் கண்டுபிடிச்சிருக்காங்க. எய்ட்ஸுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதுக்கு ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. இன்னும் என்னென்ன வரப்போவுதோ."

"நீங்க இதுல யாரையாச்சும் பார்த்திருக்கீங்களா, இந்த நோயில?"

"பார்த்திருக்கேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வாசலை நோக்கி நடந்தார்.

ஷகிலா முதல் நாள் வீறிட்டு அழுதாள். பிறகு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே சத்தமில்லாமல் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். தீர்த்தம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை. தனக்குப் போட்ட ஊசி வலித்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

பாதி ஊசி முடிந்திருந்தது. ஒரு காலையில் மாதையனைக் காணவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார், வத்தல்மலையில் மாயவன் என்று ஒருத்தர் நாய்க்கடிக்கு வேர் கொடுக்கிறாராம், அங்கே போகிறேன் என்று கிளம்பினார் என்று. வயிறு முழுக்க வீங்கி, குனிந்து கடலைக்கொடியைப் பிடுங்க முடியாமல் அவர் தவித்தது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும் என்று நர்சம்மா எச்சரித்திருந்ததும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மலையடிவாரம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அப்போது வத்தல்மலைக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். அவளுக்கும் வயிறு கட்டிகட்டியாக இருந்தது. நின்று நின்று ஏறினாள். வழியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம், புறங்கையில் காயம்பட்ட ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். தண்ணீர் குடித்தாரா என்றும் கேட்டாள். நோய் வந்துவிட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தாள். அவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

மாயவன் வீட்டு வாசலில் மாதையன் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார், கோபமாகப் பேச வாய் எடுத்தார். அதற்குள் மாயவன் குறுக்கிட்டார். வயதானவர், தினைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"ஆஸ்பத்திரி ஊசி பாதியில நிக்குதுன்னு இவுரு எங்கிட்டச் சொல்லலம்மா. வேரு குடுத்துட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஊசிய நிறுத்த வேணாம். எங்கிட்ட வந்தவங்க எல்லாரும் பொழைக்கல. அதையும் நான் சொல்லணுமில்ல."

மாதையன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேரை நம்பி ஏறி வந்தவருக்கு, கொடுத்தவரே இப்படிச் சொன்னதும் முகத்தில் இருந்த பிடிவாதம் போய்விட்டது. பயம் மட்டும் மிச்சமிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்து தீர்த்தம்மாள் பார்த்ததில்லை.

"எனக்கு வந்துருமா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள். "எழுந்திரிங்க. சாயந்திரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

இறங்கும்போது செங்குத்தான இடங்களில் அவர் இடது கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். நர்சம்மா திட்டிக்கொண்டே ஊசி போட்டார்.

ஊசி எல்லாம் முடிந்தது. பயம் முடியவில்லை. வருஷம் தாண்டியும் வரலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் நஞ்சப்பனின் பேத்திக்குக் காய்ச்சல் வந்து பிதற்றியபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நஞ்சப்பன் தீர்த்தம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்று, "டாக்டருகிட்ட என்னான்னு சொல்லணும், நீயும் வாம்மா" என்றார். அவள் கூடவே போனாள். டாக்டர் அம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்றார். மலேரியா என்ற சொல்லைக் கேட்டு அத்தனை பேர் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

வீட்டில் காலையில் மாதையன் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, வேறு வேலை செய்வதுபோல நின்று அவர் விழுங்குவதைப் பார்ப்பாள். தொண்டை ஏறி இறங்கும். பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். அவருக்கு அது தெரியும். தாகம் இல்லாத நாளிலும் முழுச் சொம்பையும் குடித்து வைப்பார்.

யாருக்கும் எதுவும் வரவில்லை. மறு ஆடி வந்தது, போனது. அபிஷேகப் பாலைக் கல்கூட்டி அடுப்பு மூட்டிக் காய்ச்சிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று நஞ்சப்பனே பூசாரியிடம் சொல்லிவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு, சாமி உத்தரவு என்றார். சவுரியப்பன் ஊரில் முகாம் போட்டு நாய்களுக்கு ஊசி போட்டார். தங்கள் நாயைத் தாங்களே பிடித்துவந்து வரிசையில் நின்றார்கள் ஜனங்கள். அதற்கு முந்தின வருஷம் அப்படி ஒரு முகாமுக்கு மூன்றே பேர் வந்திருந்தார்கள்.

தீர்த்தம்மாள் அதுவரை கூலிக்குக் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். ஆவணியில் மகள் வீட்டிலிருந்து ஒரு எருமையை ஓட்டி வந்தாள். பழைய வீடுகளில் பாதிப் பேர்தான் திரும்ப வாங்கினார்கள். பரிதா வாங்கவில்லை. வேறு ஒருத்தியிடம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் தெருவில் பார்த்தால் பேசினாள். அடுத்த வருஷம் ஒருநாள் ஷகிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் நின்று, "அக்கா, அன்னைக்கு நீ வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். அது நன்றியா, இல்லை தெரியாமலே நிம்மதியாக இருந்திருப்பேன் என்கிறாளா என்று தீர்த்தம்மாளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணியவில்லை. குழந்தையின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எருமைக்குப் புல் அறுக்க ஏரிப் பக்கம் நடந்தாள்.